வரப்பில்லாத சோளக்காடு

குருவிமலை அடிவாரக் காட்டில், ஓடைக்கும் பாறைக்கும் நடுவே, ஒரு காட்டுப்பன்றியும் ஒரு கௌதாரியும் கூட்டாகப் பயிர் செய்துவந்தார்கள். பன்றியின் பெயர் கட்டையன். கௌதாரியின் பெயர் செங்காலி.

உழவு கட்டையன் பொறுப்பு. முதல் மழை விழுந்ததும் மூக்கை மண்ணில் வைத்தான் என்றால் மறுகோடியில்தான் நிமிர்வான். விதைப்பு செங்காலி பொறுப்பு. அவன் பின்னாலேயே ஓடிவந்து, கிளறிய மண்ணில் விதையைப் போட்டு, காலால் மண் தள்ளி மூடுவாள். பயிர் தலைகாட்டிய பிறகு புழு பூச்சி பொறுக்குவதும் அவள்தான். அவள் வீட்டுக்காரன் அதிகம் பேசமாட்டான். ஆனால் கூடவே நின்று பொறுக்குவான்.

நிலம் ஒன்றும் பெரியதல்ல. பாறைமேல் நின்று செங்காலி குரல் கொடுத்தால் ஓடைக்கரையில் நிற்கும் கட்டையனுக்குக் கேட்கும். அவ்வளவுதான் நீளம். ஆனால் அந்த இடத்துக்குள் தினை இருந்தது, சோளம் இருந்தது, ஊடே துவரை இருந்தது. வரப்போரம் மொச்சை படர்ந்தது. வரப்புமேல் ஆமணக்கு நின்றது. ஆமணக்கின் தூரில், புல் மறைவில், செங்காலியின் கூடு.

ஒரு வருடம் தினைக் கதிர் முற்றும் நேரம் பார்த்து ஐந்து நாள் விடாத அடைமழை. தினை அத்தனையும் சாய்ந்து அழுகிவிட்டது. கட்டையன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிண்ணே," என்றாள் செங்காலி. "தினை போனா போகட்டும். துவரை நிக்குது பாரு."

"துவரையை மட்டும் தின்னுட்டு ஒரு வருஷத்தை ஓட்ட முடியுமா?"

"மொச்சையும் இருக்கு. ஓட்டிரலாம்."

ஓட்டினார்கள். வருடம் முழுக்கத் துவரையும் மொச்சையும் தின்று கட்டையனுக்கு வயிறு ஊதிப்போனது. அடுத்த உழவின்போது அவனுக்கு நேர் பின்னால் வரமாட்டேன் என்று செங்காலி பத்தடி தள்ளியே விதைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் கட்டையனுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் ஓடைக்கு அப்பால் பார்ப்பான்.

ஒவ்வொரு தை மாதமும் ஒரு யானைக்கூட்டம் மலையைத் தாண்டி அந்தக் காட்டு வழியாகத் தெற்கே போகும். மொத்தம் நாற்பது யானைகள். கூட்டத்துக்குத் தலைவி வயதான ஒரு பெண் யானை. காட்டில் எல்லோரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் நிற்காமல் போகும் கூட்டம், ஒரு தை மாதம் கட்டையனின் களத்தருகே நின்றது.

"ஏப்பா, இது உன் சோளமா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா. நானும் செங்காலியும் போட்டது."

பெரியம்மா ஒரு கதிரை எடுத்து மென்று பார்த்தாள். "நல்லாயிருக்கு. நாங்க உப்புப்பாறை வழியா வர்றோம். ஒரு குவியல் சோளத்துக்கு ஒரு உப்புக்கட்டி தர்றோம். சம்மதமா?"

அந்தக் காட்டில் உப்பு கிடையாது. மானிலிருந்து எலி வரைக்கும் உப்புக்கு ஏங்கிக் கிடந்தார்கள். கட்டையன் மறுபேச்சுப் பேசாமல் களத்தில் இருந்த ஐந்து குவியலையும் கொடுத்தான். ஐந்து கட்டி கிடைத்தது. செங்காலி ஒரு கொத்து கொத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரன்கூட அன்றைக்கு வாய் திறந்து, "இன்னொரு கொத்து," என்றான்.

கிளம்பும்போது பெரியம்மா சொன்னாள். "எங்களுக்கு நாற்பது வயிறு கட்டையா. அஞ்சு குவியலுக்காகக் கூட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. அடுத்த தைக்கு நூறு குவியல் இருந்தா நிப்போம். சோளம் மட்டும் இருந்தாப் போதும். தினை வேற, துவரை வேறன்னு பிரிச்சுக்கிட்டு நிக்க எங்களுக்கு நேரமில்லை."

அன்றிலிருந்து கட்டையன் நிலத்தைப் பார்க்கிற பார்வை மாறியது.

"செங்காலி, ஒரு நாளைக்கு நான் எத்தனை தடவை திரும்புறேன் தெரியுமா?" என்றான். "கோடிக்குப் போறதும் திரும்புறதுமாவே பாதி நாள் போயிடுது. நிலம் நீளமா இருந்தா இதே உழைப்புல ரெண்டு மடங்கு உழலாம். இந்த வரப்புங்க வேற எவ்வளவு இடத்தைத் தின்னுது பாரு. நாலு வரப்பை எடுத்தா ஒரு வயலே கிடைக்கும்."

செங்காலி யோசித்தாள். அவன் சொன்னதில் பொய் இல்லை.

"நீ சொல்றது சரிதான். ஆனா அவ்வளவு நீளத்துக்கு நான் எப்படிண்ணே பூச்சி பொறுக்குவேன்?"

"துணைக்கு ஆள் வெச்சுக்கலாம்."

"அகல உழுறதுக்கு ஆழ உழுன்னு நீதானே சொல்லுவே?"

"அப்போ உப்பு இல்லையே தங்கச்சி," என்றான் கட்டையன்.

பக்கத்து நிலம் நெடுங்காதன் என்ற முயலுடையது. அவன் கொள்ளும் கீரையும் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்தது புள்ளிமான்களுடையது. அதற்கும் அடுத்தது பெருச்சாளிகளுடையது. கட்டையன் ஒவ்வொருவரிடமும் போனான். "நிலத்தை ஒண்ணாச் சேர்ப்போம். உழவு என்னுது. வர்ற உப்பைச் சமமாப் பிரிச்சுக்கலாம்," என்றான். அவன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த வரப்புகள் போயின. பாறையோரத்துப் பழைய வரப்பு மட்டும் செங்காலிக்காக நின்றது.

அந்த வருடச் சோளத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். காற்று அடித்தால் ஒரு கோடியில் புறப்பட்ட அலை மறுகோடி போய்ச் சேர வெகுநேரம் ஆகும். நூற்றுப்பத்துக் குவியல் விளைந்தது. யானைகள் நின்றன, தின்றன, கட்டி கட்டியாக உப்பை இறக்கின. காடே உப்பு தின்றது. நெடுங்காதனின் பெண்டாட்டி, பிள்ளைகள் நக்கியது போக மிச்சத்தை வாழையிலையில் பொதிந்து வளைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் நினைச்சது தப்புண்ணே," என்றாள் செங்காலி. "நல்லாத்தான் வந்திருக்கு."

ஆனால் போகும்போது பெரியம்மா வேறு பேச்சுப் பேசினாள். "அடுத்த வருஷம் ரெண்டு குவியலுக்கு ஒரு கட்டிதான்பா."

கட்டையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் பெரியம்மா? சோளத்துல குறையா?"

"குறை ஒண்ணுமில்லை. மேற்கே பள்ளத்தாக்கில கரடிங்க நூத்தம்பது குவியல் போட்டிருக்காங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு தர்றாங்க. உனக்கு மட்டும் நான் எப்படி அதிகமாத் தர்றது? நீயும் அதிகமாப் போடு. போட்டா இதே உப்பு வந்துடும்."

அதே உப்பு வேண்டும் என்றால் இரண்டு மடங்கு நிலம் வேண்டும். கட்டையன் பாறைக்கு அப்பால் இருந்த இலந்தைப் புதரை அழித்தான். அதற்கும் அப்பால் இருந்த புல்வெளியை உழுதான். நிலம் தூரத்து வேங்கை மரம் வரை போனது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் அரை நாள். அவன் ஒருவன் மூக்கு போதாமல் அக்கம்பக்கத்திலிருந்து ஐம்பது பெருச்சாளிகள் கூலி உழவுக்கு வந்தன. அவற்றுக்கும் தீனி போடவேண்டும். அதற்கும் சேர்த்துச் சோளம் வேண்டும். அதற்கும் நிலம் வேண்டும்.

ஐம்பது பேரை மேய்க்க ஒரு மேஸ்திரி தேவைப்பட்டான். வாலன் என்ற மந்தி வந்தான். வேங்கை மரத்து உச்சியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது அவன் வேலை. கட்டையனை முதன்முதலில் 'முதலாளி' என்று கூப்பிட்டவன் அவன்தான். பத்து நாளில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கட்டையன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செங்காலி காலையில் பாறைமேல் நின்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். கட்டையன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது.

ஆடி மாதம், விதைப்புக்குச் சில வாரம் முன்பு, அவள் காலை முழுக்க நடந்து அவனைத் தேடி வந்தாள்.

"அண்ணே, மிச்சம் இருக்கிற வரப்பையும் எடுக்கப் போறாங்கன்னு பெருச்சாளிங்க பேசிக்கிறாங்க. நான் ஆறு முட்டை வெச்சிருக்கேன். இன்னும் பதினஞ்சு நாள்ல பொரிச்சிடும். அதுவரைக்கும் மட்டும் விட்டுருண்ணே."

"இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தே? எடுக்க மாட்டாங்க. நான் சொல்லிடுறேன், நீ நிம்மதியாப் போ."

அவள் போனதும் கட்டையன் வாலனிடம் சொன்னான். "பாறையோரத்து வரப்பைத் தொடாம பார்த்துக்க."

வாலன் மரத்திலிருந்தபடியே பெருச்சாளிகளின் தலைவனுக்குக் குரல் கொடுத்தான். "பாறையோரம் வரப்பு இருக்கு, பார்த்துக்க."

தலைவன் தன் ஆட்களிடம் சொன்னான். "பாறையோரம் ஒரு வரப்பு பாக்கி இருக்காம். பார்த்து முடிங்க."

மூன்று நாள் கழித்து வாலன் வந்து கட்டையனிடம் சொன்னான். "எல்லாம் முடிஞ்சுது முதலாளி. இனி ஒரே தரை. ஒரு இடத்துல மட்டும் ஒரு கௌதாரி கத்திக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் போயிடுச்சாம்."

கட்டையன் அப்போது வேங்கை மரத்தடியில் இருந்தான். அங்கிருந்து ஓடினான். கனத்த உடம்பு. அரை நாள் நடக்கிற தூரம். பாறையோரம் வந்து நின்றபோது அங்கே வரப்பும் இல்லை, ஆமணக்கும் இல்லை. மட்டமாக உழுத மண். மண்ணில் அங்கங்கே முட்டை ஓடு. செங்காலியும் அவள் வீட்டுக்காரனும் இல்லை. பாறைமேல் ஏறி அவன் கூப்பிட்டுப் பார்த்தான். பன்றியின் குரல் எவ்வளவு தூரம் போகும்?

விதைப்பை நிறுத்த முடியவில்லை. ஐம்பது வயிறும் கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். கட்டையன் விதைத்தான்.

சோளம் நன்றாகத்தான் வந்தது. தினமும் கட்டையன் வேங்கை மரத்தடிக்குப் போய்க் கேட்பான். வாலன் உச்சியிலிருந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பச்சையா இருக்கு முதலாளி," என்பான். உச்சியிலிருந்து பார்த்தால் பச்சைதான் தெரியும். இலை இடுக்கில் இருப்பது தெரியாது.

ஐப்பசி கடைசியில் வாலன் சொன்னான். "நடுவில கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது முதலாளி. வெயிலாத்தான் இருக்கும்."

கட்டையன் சோளத்தட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தான். நடுக்காட்டை அடைவதற்குள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. சருகில் தூறல் விழுகிறது போல ஒரு சத்தம். மழை இல்லை. படைப்புழு. ஒவ்வொரு குருத்திலும் புழு, ஒவ்வொரு கதிரிலும் புழு. தின்கிற சத்தம்தான் அது. ஒரு பயிரைத் தின்று முடித்தால் அடுத்ததும் அதே பயிர். நடுவே ஒரு துவரைச் செடி இல்லை, ஒரு வரப்பு இல்லை, வரப்பில் ஒரு பறவை இல்லை. பெருச்சாளிகளுக்குப் புழு பொறுக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவ்வளவு புழுவை ஐம்பது பேர் என்ன செய்வது?

தையில் யானைகள் வந்தன. களத்தில் பதினெட்டுக் குவியல் இருந்தது.

பெரியம்மா வேகத்தைக் குறைத்தாள், நிற்கவில்லை. "மனசுக்குக் கஷ்டமா இருக்கு கட்டையா. ஆனா நாற்பது வயிறு. நிக்க முடியாது." கடைசி யானையின் வால் மரங்களுக்குள் மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா போனதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. அதுதான் கட்டையனை அதிகம் வருத்தியது.

பதினெட்டுக் குவியலையும் அவன் கூட்டாளிகளுக்கே பிரித்துக் கொடுத்தான். மறுநாள் நெடுங்காதன் வந்தான்.

"முதலாளி, என் நிலத்தை எனக்கே கொடுத்துருங்க. கொள்ளு போட்டுப் பிழைச்சுக்கிறேன்."

"என்னை அப்படிக் கூப்பிடாதே. எடுத்துக்கோ. உன் நிலம்தானே."

நெடுங்காதன் சுற்றிலும் பார்த்தான். "எது என் நிலம்?"

கட்டையனும் சுற்றிலும் பார்த்தான். எல்லாம் ஒரே தரை. மான்கள் ஒரு இடத்தைக் காட்டின. அதையே பெருச்சாளிகள் தங்களுடையது என்றன. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒன்றாக உப்பு நக்கியவர்கள் முகம் பார்க்காமல் திரும்பினார்கள். வரப்புகள் எங்கே இருந்தன என்று சரியாகத் தெரிந்தவள் ஒருத்திதான். வருடக்கணக்காக அவற்றின் மேலேயே நடந்தவள்.

கட்டையன் ஓடையைக் கடந்து தேடிப் போனான். இரண்டாம் நாள், எதிர்க்கரைச் சரளைமேட்டில், சாமைப் பயிருக்கு நடுவே செங்காலியைக் கண்டான். அங்கே மறுபடி முட்டையிட்டுப் பொரித்த நான்கு குஞ்சுகள், பாதி வளர்ந்தவை, அவளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் அவள் ஓடவில்லை. வாவென்றும் சொல்லவில்லை.

"நான் சொல்லித்தான் அனுப்பினேன், செங்காலி. தொடாதீங்கன்னு சொன்னேன்."

"தெரியும்ணே. சொல்லாம இருந்திருக்க மாட்டே."

"அப்புறம் ஏன் என்கிட்ட வராமலே போயிட்டே?"

செங்காலி ஒரு குஞ்சின் முதுகில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள். "வந்து என்ன சொல்றது? நீ செஞ்சிருந்தா உன்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீ செய்யலை. வாலன், சொன்னதைச் சொன்னேன்னான். பெருச்சாளிங்களைக் கேட்டா, சொன்னதைச் செஞ்சோம்னாங்க. நான் யார்கூடண்ணே சண்டை போடுறது?"

கட்டையன் தலைகுனிந்தான். பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். வரப்பு தெரியாமல் எல்லோரும் அடித்துக்கொள்வதைச் சொன்னான். திரும்பி வா என்று கேட்க வாயெடுத்து, குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டான்.

"இங்கேயே பழகிட்டோம்," என்றாள் அவள், அவன் கேட்காததற்குப் பதிலாக. "ஆனா ஒரு நாள் வர்றேன். வரப்பைக் காட்டுறேன்."

மறுநாள் காலை அவள் வந்தாள். குஞ்சுகளும் வீட்டுக்காரனும் ஓடைக்கரையில் நின்றுகொண்டார்கள். செங்காலி வயலுக்குள் இறங்கினாள். ஒரு இடத்தில் நேராக, ஒரு இடத்தில் வளைந்து, ஒரு இடத்தில் ஏறி இறங்குவது போலக் காலைத் தூக்கிவைத்து நடந்தாள். அவள் கால் பட்ட வழியெல்லாம் கட்டையன் மூக்கால் மண்ணைத் தள்ளி மேடாக்கிக்கொண்டே பின்னால் வந்தான். முன்பெல்லாம் அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். அன்று மாறியிருந்தது.

நெடுங்காதன் நிலத்தின் மூலை வந்ததும் அவன் பெண்டாட்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மான்களும் பெருச்சாளிகளும் மறுபேச்சில்லாமல் அவரவர் எல்லைக்குள் போய் நின்றார்கள். செங்காலி சொன்ன எல்லையை யாரும் சந்தேகப்படவில்லை.

பாறையோரம் வந்தபோது மட்டும் அவள் நிற்காமல், குனிந்து பார்க்காமல், வேகமாக நடந்து போய்விட்டாள். கட்டையன் அந்த இடத்தில் மண்ணை மற்ற இடங்களைவிட உயரமாகப் போட்டான். அதை முடிக்க அவனுக்கு வெயில் சாயும்வரை ஆனது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஓடையைக் கடந்து குஞ்சுகளோடு சரளைமேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மறு ஆடியில் கட்டையன் தன் பங்கு நிலத்தை மட்டும் உழுதான். விதையையும் அவனே போட்டான். அவன் விதைத்தால் வரிசை கோணலாகத்தான் வரும், ஆனால் முளைத்தது. பூச்சி பொறுக்கப் புதிதாக வந்த மைனாக்களுக்கு வரப்போரத்து மொச்சையில் பாதியைக் கொடுத்தான். யானைகள் நிற்காமல் போயின. காட்டுக்கு மறுபடியும் உப்பில்லாமல் போனது. அந்த ஒரு வருடத்தை, நூற்றுப்பத்துக் குவியல் விளைந்த வருடத்தை, இன்றும் ஆசையோடு பேசுகிறவர்கள் உண்டு. கட்டையன் அவர்களை மறுப்பதில்லை. அவனும் பேசுவான். ஆனால் அவன் பேச்சு எப்போதும் அதற்கு முந்தைய வருடங்களுக்கே போய்விடும்.

தன் கண்ணும் காலும் எட்டாத அளவுக்கு வயலை விரிப்பவன், தன் பெயரால் அங்கே நடக்கும் கேடுகூடத் தனக்குத் தெரியாமல் வாழ வேண்டிவரும்.